பழைய சவரக்கத்திக்கு என்ன விலை?

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டியையும் எளாவூரையும் தாண்டினால் ஆரம்பாக்கம் வரும். வடக்கே தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்து தடா, அது ஆந்திரா. கிழக்குப் பக்கம் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. இறால், நண்டு, மடவை என்று ஏரியை நம்பியே வாழும் குப்பங்கள் கரை நெடுக உண்டு.

இந்தக் கரையில் இரும்புக்கு ஆயுசு கம்மி. சைக்கிள் செயினுக்கு அடிக்கடி எண்ணெய் காட்டவில்லை என்றால் மிதிக்க முடியாது. ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கத் தவறினால் கையில் செதில் செதிலாக உதிரும். எல்லாம் காற்றில் இருக்கும் உப்பு செய்யும் வேலை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் போகாத இரும்பு துருப்பிடிக்கும்.

இப்படிப்பட்ட ஊரில், அறுபது எழுபது வருடத்துச் சவரக்கத்தி ஒன்று, துருவில்லாமல், முகத்தில் வைத்தால் இன்னமும் வழிக்கும்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக அப்படி இருக்காது. யாரோ ஒருவர் தினமும் வேலை முடிந்ததும் அதை ஈரம் போகத் துடைத்து, தோல்வாரில் இழுத்து, துளி எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நம்மூரில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் ஒரு நாவிதர்தான்.

ஆனால் பழைய கத்திக்கு விலை பேசும்போது இந்த உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை. கத்தியின் பெயர் வருகிறது, வயசு வருகிறது, பளபளப்பு வருகிறது. கத்தியைக் காப்பாற்றியவர் மட்டும் வருவதில்லை. இது நியாயமில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, இப்படி மதிப்புப் போடுவதே தப்பான கணக்கு. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்குள் போன கத்தி

முன்பெல்லாம் நாவிதர் வீடு வீடாகப் போய்த்தான் வேலை செய்வார். கையில் அடைப்பம் என்ற கருவிப் பை இருக்கும். அதற்குள் சவரக்கத்தி, கத்தரி, நகம் வெட்டும் கருவி, தீட்டுகல், தோல்வார், சின்னக் கண்ணாடி, தண்ணீர்க் கிண்ணம். கட்டி வந்தால் கீறி விடுவதும் பல ஊர்களில் அவர்தான். தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர் இருப்பது சும்மா இல்லை.

அமெரிக்காவில் கில்லெட் கம்பெனி 1903-ல் தூக்கிப்போடும் பிளேடை விற்க ஆரம்பித்தது. அந்த வருடம் விற்றது 51 ரேஸரும் 168 பிளேடும்தான். முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டில் தானே சவரம் செய்துகொள்கிறவர்கள் பிளேடுக்கு மாறினார்கள். ஆனால் நாவிதர் மாறவில்லை. தீட்டத் தெரிந்தவருக்கு ஒரே கத்தி ஆயுளுக்கும் போதும். அவர் ஏன் தினம் பிளேடு வாங்க வேண்டும்?

அவரை மாற்றியது எச்.ஐ.வி. 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. ஒருவருக்கு ஒரு பிளேடு என்ற பேச்சு மெல்ல மெல்ல எல்லா சலூனுக்கும் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளரே "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்க ஆரம்பித்தார். பிளேடை இரண்டாக உடைத்துச் செருகும் கத்திதான் இன்று எங்கும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்குக் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கறையே போதும். ஒரே கத்தியைப் பத்துப் பேருக்குப் போடும் காலம் போனது நல்லதுதான். ஆனால் அந்த மாற்றத்தில் ஆயிரக்கணக்கான பழைய கத்திகள் ஒரே தலைமுறைக்குள் வேலை இழந்து தகரப்பெட்டிக்குள் போயின. கத்தியோடு சேர்ந்து, கத்தியைப் பார்த்தவுடன் தரம் சொல்லும் கண்ணும் வேலை இழந்தது.

மூன்று விலை, மூன்றும் தப்பு

இன்று அந்தக் கத்திகள் மூன்று விதமாக விலை போகின்றன.

முதலாவது எடை விலை. பழைய இரும்புக்காரர் தட்டில் போட்டு நிறுப்பார். ஒரு சவரக்கத்தி 50, 60 கிராம் இருக்கும். கிலோக் கணக்கில் போட்டால் ஒரு டீ குடிக்கக்கூட காசு வராது.

இரண்டாவது பெயர் விலை. "ஷெஃபீல்டு", "சோலிங்கன்" என்று எழுதியிருக்கிறதா? உடனே நாலு மடங்கு. இதை வாங்குகிறவர் எழுத்தைத்தான் வாங்குகிறார், கத்தியை இல்லை.

மூன்றாவது பளபளப்பு விலை. இணையத்தில் விற்பனைக்கு வரும் "புதுப்பித்த" கத்திகளைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னும். நூறு வருடப் பொருள் நேற்று செய்தது போல இருக்கிறதே என்று வாயைப் பிளக்கிறவர்கள், அந்த மினுக்கத்துக்காக எவ்வளவு உருக்கு தேய்த்துத் தள்ளப்பட்டது என்று கேட்பதில்லை.

சரியான கேள்வி ஒன்றுதான். இந்தக் கத்தியில் இன்னும் எவ்வளவு நல்ல உருக்கு மீதி இருக்கிறது? அது முகத்தில் ஓடுமா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

எழுத்து சொல்வதும் சொல்லாததும்

அதற்காக எழுத்தே வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. கத்தியின் அடிப்பகுதியில், பிடிக்குள் மடங்கும் இடத்துக்கு மேலே, செய்தவர் முத்திரை இருக்கும். அதிலிருந்து சில விஷயங்கள் தெரியும்.

அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890-ல் வந்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றது. அதனால் "இங்கிலாந்து" அல்லது "ஜெர்மனி" என்று நாட்டுப் பெயர் இருக்கும் கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்தது. வெறுமனே "ஷெஃபீல்டு" என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. வாய்ப்புதான், நிச்சயம் இல்லை.

அரசரின் முதலெழுத்து இருந்தால் அதுவும் ஒரு தடயம். வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. டபிள்யூ.ஆர். என்றால் நாலாம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. ஆனால் ஜி.ஆர். என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்கக் கூடாது. நாலு ஜார்ஜ் மன்னர்கள் 1830-க்கு முன்னால் ஆண்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1910-லும் ஆறாம் ஜார்ஜ் 1936-லும் பட்டத்துக்கு வந்தார்கள். இருநூறு வருடக் கத்தி என்று சொல்லி தொண்ணூறு வருடக் கத்தியை விற்க இந்த இரண்டு எழுத்து போதும்.

பெயரில் மோசடியும் புதிதில்லை. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக்கு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் முத்திரை. அது நல்ல பெயர் எடுத்ததும் போலிகளும் கூடவே வந்தன. வெளிநாட்டில் செய்த பொருளுக்கு ஆங்கிலப் பெயர் குத்தி விற்கும் தொல்லை தாங்காமல்தான் பிரிட்டன் 1887-ல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மனி தன் பங்குக்கு 1938-ல் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைக் குத்தக் கூடாது. ஆக, எழுத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம்.

இன்னொரு எழுத்து "சில்வர் ஸ்டீல்". வெள்ளி கலந்த உருக்கு என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் இன்றும் உண்டு. அதன் கதையைச் சொன்னால் அது நேராகத் தென்னிந்தியாவுக்கு வந்து நிற்கும்.

உருக்கு நம்முடையதா?

தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகு மிகப் பழையது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு வேலை நடந்த தடயங்கள் கிடைத்தன. பழைய தென்னாற்காடு பகுதியில் மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகள் குவிந்து கிடந்ததை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்த உருக்கைத்தான் ஐரோப்பியர் "வூட்ஸ்" என்றார்கள். உருக்கு, உக்கு என்ற தென்னிந்தியச் சொல்லின் திரிபு என்பது பொதுவான கருத்து.

1790-களில் இது லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனது. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்தி செய்பவர். அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்ய ஐரோப்பாவின் எந்த எஃகைவிடவும் இந்திய வூட்ஸே மேல் என்று தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்து வைத்தார். அவரோடு சேர்ந்துகொண்டவர் சாமானியர் இல்லை, மைக்கேல் ஃபாரடே! மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்னால், 1818 வாக்கில் தொடங்கி, ஃபாரடே எஃகில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வூட்ஸைப் போலச் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். வெவ்வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 500-ல் ஒரு பங்கு வெள்ளி கலந்த எஃகு நன்றாக வந்தது. 1820-லும் 1822-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். சில்வர் ஸ்டீல் என்ற பெயர் பிரபலமானது இதற்குப் பிறகுதான். போகப் போக அது பல கம்பெனிகளுக்கு வெறும் விளம்பரச் சொல் ஆகிவிட்டது. அந்த எழுத்தைப் பார்த்து வெள்ளிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைக் கேட்டதும், "ஷெஃபீல்டு கத்தியெல்லாம் தமிழன் எஃகுதான்" என்று மார் தட்டி ஃபார்வர்டு செய்ய ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அது உண்மையில்லை. ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் தன் சொந்த மூசை முறையைக் கண்டுபிடித்தார். அங்கே உருகிய நல்ல இரும்பில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்து வந்தது.

அந்த ஸ்வீடன் இரும்புக்குப் போட்டியாகத் தமிழ்நாட்டு இரும்பைக் கொண்டுபோக முயன்றவர் ஒருவர் உண்டு. ஜோசியா மார்ஷல் ஹீத். சென்னையில் கும்பினி உத்தியோகத்தில் இருந்தவர். 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை அமைத்து, சேலம் பக்கத்து இரும்புத் தாதை மரக்கரியால் உருக்கி, ஷெஃபீல்டுக்கு அனுப்பினார். பிறகு அங்கேயே போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். எஃகின் விலையே இறங்கியது. ஆனால் ஷெஃபீல்டுக்காரர்கள் அவர் சொன்னதைச் சின்ன மாற்றத்தோடு செய்துகொண்டு பணம் தர மறுத்தார்கள். வழக்கு வருடக்கணக்காக இழுத்தது. கடைசித் தீர்ப்பு வருவதற்குள் அவர் இறந்துபோனார். வந்த தீர்ப்பும் அவருக்கு எதிராகத்தான்.

வெள்ளைக்காரருக்கே இந்தக் கதி. மூசை செய்து, கரி போட்டு, துருத்தி ஊதி உருக்கு எடுத்த நம்மூர்க் கொல்லர்களின் பெயர் ஒன்றாவது ஏதாவது கத்தியில் இருக்கிறதா? செய்கிறவன் ஒருவன், பெயர் குத்துகிறவன் ஒருவன், காசு பார்க்கிறவன் ஒருவன். பழைய கத்திச் சந்தையில் இன்று நடப்பதும் இதே கதையின் சின்ன வடிவம்தான். பெருமை பேசுவதைவிட இதை யோசிப்பது உபயோகம்.

கத்தியைப் படிப்பது எப்படி?

சரி, எழுத்து போதாது என்றால் எதைப் பார்ப்பது? சலூனில் முப்பது வருடம் கத்தி பிடித்தவர் ஒரு நிமிடத்தில் பார்ப்பவை இவை.

முதலில் முதுகு. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படும்படி படுக்க வைத்துத்தான் தேய்ப்பார்கள். கோணத்தை யாரும் கையால் பிடிக்க வேண்டியதில்லை, முதுகே பிடித்துக்கொள்ளும். முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், அகலம் 19 மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் சுமார் 15 டிகிரி. செய்தவர் போட்ட கணக்கு அது. வாய் தேயத் தேய முதுகும் சேர்ந்து தேய்வதால் அந்தக் கணக்கு ரொம்பவும் மாறாமல் இருக்கும். முதுகில் தட்டையாக ஒரு பட்டை தெரியும் பாருங்கள், அதுதான் கத்தியின் வயசுச் சான்றிதழ். பட்டை மெல்லிசாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் தீட்டியவருக்குக் கை சுத்தம். ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால் கத்தி கோணல், அல்லது தீட்டியவர் கை கோணல்.

இரண்டாவது அகலம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து எட்டில் ஐந்து, எட்டில் ஆறு என்று கணக்கு சொல்வார்கள். எட்டில் ஐந்து என்றால் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். நுனியில் ஒரு அகலம், நடுவில் ஒரு அகலம், அடியில் ஒரு அகலம் என்று இருந்தால் மேடு பள்ளமான கல்லில் தேய்த்திருக்கிறார்கள். வாய் நடுவில் உள்வாங்கி இருந்தால் முகத்தில் சரியாகப் படாது. அதைச் சரிசெய்ய இரண்டு பக்கத்து உருக்கையும் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது விரிசல். நல்ல கத்தியின் இரு கன்னமும் குழிவாக, வாய் பக்கம் தாள் மாதிரி மெல்லிசாக இருக்கும். கீழே விழுந்தாலோ கல்லில் அழுத்தித் தேய்த்தாலோ மயிரிழை விரிசல் விழும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்க வேண்டும். நகத்தால் மெதுவாகச் சுண்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல கத்தி கணீரென்று சொல்லும், விரிசல் விழுந்தது மந்தமாகச் சொல்லும். விரிசல் இருந்தால் எந்த ராஜா பேர் குத்தியிருந்தாலும் அது சவரத்துக்கு ஆகாது. முகம் கிழியும்.

நான்காவது துரு. பழவேற்காட்டுக் கரை மாதிரி இடத்திலிருந்து வரும் கத்தியில் இதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கறுப்பாக, சாம்பலாக மேலோடு படர்ந்த கறை ஒன்றும் செய்யாது. பழைய உருக்கின் நிறம் அது. அதைத் தேய்த்து எடுக்கவும் வேண்டாம். சிவப்பாகத் தூள் தூளாக இருப்பது நடக்கும் துரு, எண்ணெயும் துணியும் போட்டு நிறுத்தலாம். ஆனால் ஊசி குத்தியது போலக் குழி குழியாக உள்ளே இறங்கியிருந்தால், அதுவும் வாயை ஒட்டி இருந்தால், பிரச்சினை. தீட்டத் தீட்ட அந்தக் குழி வாய்க்கு வரும், வாய் பல் பல்லாகப் பெயரும். முதுகுப் பக்கத்தில் பத்துக் குழி இருந்தாலும் பரவாயில்லை. வாயோரத்தில் ஒன்று இருந்தாலும் விலையைக் குறைக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது பதம். கண்ணுக்குத் தெரியாத விஷயம் இதுதான். கத்தி உருக்கைச் சூடாக்கி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மறுபடி இதமாகச் சூடு காட்டிப் பதம் ஏற்றுவார்கள். பிறகு அந்தச் சூட்டுக்கு மேலே போனால் பதம் இறங்கிவிடும். 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் உருக்கு நீலம் பாயும். மோட்டார் சக்கரத்தில் பாலிஷ் போடும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்ததையும் அதே பாலிஷ் துடைத்துவிடும். பார்க்கப் புதுசு, ஆனால் கூர் நிற்காது. இரண்டு சவரத்தில் மழுங்கும். முத்திரை எழுத்துகள் ஓரம் மங்கி, விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தால் சக்கரம் அளவுக்கு மீறி ஓடியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுக்கலாம். சவரக்கத்தியைக் கொடுக்கக் கூடாது.

கடைசியாகப் பிடி. எருமைக் கொம்பு, மரம், எலும்பு, செல்லுலாய்டு என்று பலவிதம். ஆமை ஓடு போல, தந்தம் போலத் தெரிவதில் நிறைய செல்லுலாய்டுதான். அதில் கற்பூரம் சேர்த்திருப்பார்கள். விரலால் சூடேறத் தேய்த்து மோந்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். நெருப்புக் காட்டிப் பார்க்க வேண்டாம், குப்பென்று பற்றிக்கொள்ளும். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வரும் ஆவி அமிலமாகி, மூடி வைத்த கத்தியையே அரிக்கும். மற்றபடி எங்கும் துரு இல்லாமல் பிடிக்குள் மடங்கும் பகுதி மட்டும் அரித்திருந்தால் காரணம் அதுதான். நிஜத் தந்தம் என்று யாராவது விற்றால் விலகிவிடுவது நல்லது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991 திருத்தங்களும் இந்தியாவில் தந்த வியாபாரத்தைத் தடை செய்துவிட்டன.

இந்த ஆறையும் பார்த்த பிறகு எழுத்தைப் பாருங்கள். பெயரே இல்லாத கத்தி, ஆனால் முதுகு நேர், வாய் சுத்தம், விரிசல் இல்லை என்றால், அது குழி விழுந்த ராட்ஜர்ஸைவிட மேல். சேகரித்து அலமாரியில் வைப்பவருக்கு வேண்டுமானால் கணக்கு மாறலாம். அவர் அரிதான முத்திரைக்கும் கெடாத பிடிக்கும் காசு கொடுப்பார். கொடுக்கட்டும். ஆனால் "நல்ல கத்தி" என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மதிப்புப் போட வேண்டியவர் யார்?

இனி ஆரம்பாக்கம் மாதிரி ஓர் ஊரில் நடக்கக்கூடிய ஒரு பேச்சைக் கற்பனை செய்து பாருங்கள். நகரத்திலிருந்து வந்தவர் கையில் செல்போன். சலூன்கார அண்ணன் கையில் அவர் அப்பாவின் கத்தி.

"ரொம்பப் பழசாயிடுச்சேண்ணே, துருவேற இருக்கு. நூறு ரூபா தரேன்."

"எடுத்துக்க தம்பி. சும்மா கிடக்குது."

வந்தவருக்கு அந்த முத்திரை எந்தக் கம்பெனி, வெளிநாட்டில் நல்ல நிலையில் உள்ளது நூறு டாலருக்கும் மேலே போகும் என்று தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணனுக்கு அந்தக் கத்தி எந்தக் கல்லில் எப்படித் தீட்டினால் எப்படி ஓடும் என்று தெரியும். வந்தவருக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் ஆளுக்குப் பாதி அறிவு இருக்கிறது. ஆனால் ஒரு பாதிக்குத்தான் காசு.

"வியாபாரம் என்றால் அப்படித்தான். தேடித் திரிந்து, படித்துத் தெரிந்துகொண்ட உழைப்புக்குத்தான் லாபம்" என்று சொல்வார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர் ஊராக அலைகிறவருக்கு லாபம் வேண்டும். ஒரு கத்திக்காகப் பத்துத் தகரப்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் தெரிந்ததை மறைப்பது வேறு, தெரிந்ததற்குக் கூலி வாங்குவது வேறு. நல்ல கத்தி என்று மனதில் நினைத்துக்கொண்டே "துருப்பிடிச்சது" என்று வாயால் சொல்வது உழைப்பு ஆகாது. ஏலத்தில் விற்கும்போது அதே ஆள் "அப்பழுக்கில்லாத நிலை" என்று எழுதுவார். ஒரே கத்தி, வாங்கும்போது குப்பை, விற்கும்போது புதையல்.

இன்னொன்றும் இருக்கிறது. சவரக்கத்தியைத் தொட்டு வேலை செய்ததற்காகவே ஒரு சமூகத்தை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கீழே வைத்தார்கள். வருடக் கூலியாகக் களத்தில் அளந்த நெல்லுக்கு வாசலில் நிற்க வைத்தார்கள். இன்று அதே கத்தி சேகரிப்பாளரின் கண்ணாடி அலமாரியில் கௌரவமாக உட்காருகிறது. கத்திக்குக் கிடைத்த மரியாதை அதைத் தீட்டிய கைக்குக் கிடைக்கவில்லை. பல பிள்ளைகள் அப்பாவின் பெட்டியை எடைக்குப் போட்டுவிட நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் போடுவதற்கு முன் அதன் விலை என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் எதுவும் இல்லை. முத்திரையைப் படித்துக் காட்டலாம். இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று அதே செல்போனில் திருப்பிக் காட்டலாம். "இதைத் தீட்டி, ஓடுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம். தீட்டிக் கொடுத்த கத்திக்கு வெளியே விலை கூடும், அதனால் வாங்குகிறவருக்கும் நஷ்டமில்லை. யார் வைத்திருந்தது, எந்த ஊர், எத்தனை வருடம் வேலை செய்தது என்று அவர் சம்மதத்தோடு ஒரு தாளில் எழுதிக் கத்தியோடு வைக்கலாம். ஷெஃபீல்டில் செய்தவர் பெயர் இரும்பில் இருக்கிறது. அரை நூற்றாண்டு காப்பாற்றியவர் பெயர் ஒரு தாளிலாவது இருக்கட்டுமே.

விற்கிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். பளபளப்பாக்க வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். துடைத்து, எண்ணெய் போட்டு, எழுத்து தெரியும்படி ஒரு படம் எடுத்து நாலு பேரிடம் விலை கேளுங்கள். முதலில் வருபவரிடம் தலையாட்ட வேண்டாம். பழைய கத்தியில் சவரம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினியில் போட்டு எடுத்து, ஒருவர் மட்டும் பயன்படுத்துங்கள். கத்தி எவ்வளவு உயர்ந்தது என்றாலும் இது மாறாது.

ஒரு பழைய கத்தியில் உருக்குச் செய்தவர், கத்தி அடித்தவர், தீட்டித் தீட்டிப் பயன்படுத்தியவர் என்று மூன்று பேர் உழைப்பு இருக்கிறது. நடுவில் இருப்பவர் பெயர் மட்டும்தான் அதில் தெரிகிறது. முதல் ஆள் யாரென்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது ஆள் இன்னும் உயிரோடு, ஏரிக்கரை ஊர் ஒன்றில் பிளேடு உடைத்துச் செருகிக்கொண்டிருக்கலாம். தகரப்பெட்டியை அவர் திறக்கும்போது, கத்தியை வாங்கிப் பார்ப்பதற்கு முன் அவரிடமே கேளுங்கள்: "இது நல்ல கத்திதானாண்ணே?"

அவர் அதை விரித்து, வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்து, கட்டைவிரலை வாயின் குறுக்கே லேசாக வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகு அவர் என்ன சொல்கிறாரோ, விலைப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.